இலையைப் பார்த்து வாங்குங்கள்: சிங்கப்பூர் மாடிவீட்டுக்கு எந்த லாவெண்டர்?

போன ஜூலையில் என் தங்கை குடும்பத்தோடு ஜப்பானின் ஹொக்கைடோ போய்வந்தாள். ஃபுரானோவில் எடுத்த படங்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து கொட்டின. வரப்பு வரப்பாக ஊதா, நடுவில் அவள் மகன் கையில் அதே நிறத்தில் ஓர் ஐஸ்கிரீம். ஊர் திரும்பிப் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டாள், போன் வந்துவிட்டது. "அக்கா, பொங்கோல் வீட்டுச் சாவி கிடைச்சாச்சு. பால்கனியில லாவெண்டர் வைக்கணும். எந்த வகை வாங்கட்டும்?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஈசூனில் ஒன்பதாம் மாடி, கிழக்குப் பார்த்த தாழ்வாரம். அங்கே எட்டு வருடத்தில் ஏழு லாவெண்டர்ச் செடிகளைச் சாகடித்திருக்கிறேன். இரண்டு பிழைத்திருக்கின்றன. செத்த ஏழில் ஐந்து ஒரே இனம், கடையில் பார்த்தால் யாருக்கும் முதலில் கை நீளும் இனம். பிழைத்த இரண்டும் இன்னோர் இனம், பூவே இல்லாமல் ஓரமாக நின்றவை. அதனால் அவளிடம் நான் முதலில் திருப்பிக் கேட்டது இதுதான்: உனக்கு வேண்டியது மணமா, ஊதாப் பூவா, இல்லை நாள்பட உயிரோடு நிற்கும் ஒரு செடியா? இந்த ஊரில் மூன்றும் ஒரே தொட்டியில் கிடைக்காது. ஒன்றைத் தேர்ந்துகொண்டால் வகை தானாக முடிவாகிவிடும்.

அவள் "மூணும்தான்" என்றாள். சரி, அப்படியானால் விரிவாகவே பேச வேண்டியதுதான்.

லாவெண்டர் என்றால் ஒரே செடி என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் நர்சரிக்குப் போகிறோம். லவாண்டுலா என்பது நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரு குடும்பக்கிளை. நம் துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதற்குப் பங்காளிகள். அந்த நாற்பதில் கடைக்கு வருவது நாலைந்துதான். சிக்கல் எங்கே என்றால் பெயரில். 'ஃபிரெஞ்சு லாவெண்டர்' என்று இங்கிலாந்துக்காரர் சொல்வது ஒரு செடி, ஆஸ்திரேலியக்காரர் சொல்வது வேறு செடி. இங்கிலாந்தில் ஃபிரெஞ்சு ஆனது அமெரிக்கா போனால் ஸ்பானிஷ். 'இங்கிலீஷ் லாவெண்டர்' இங்கிலாந்தைச் சேர்ந்ததே கிடையாது, மத்திய தரைக்கடல் பக்கத்து மலைச்சரிவுகள்தான் அதன் சொந்த ஊர். நம் நர்சரிகளுக்குச் சரக்கு பல நாடுகளிலிருந்து வருவதால் சீட்டில் எந்த நாட்டுப் பெயர் ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. பல தொட்டிகளில் வெறும் 'லாவெண்டர்' என்றுதான் இருக்கும். அதனால் நான் இப்போதெல்லாம் சீட்டைப் படிப்பதில்லை. இலையைப் பார்க்கிறேன், கசக்கி முகர்கிறேன்.

வகைகளுக்குள் போகும் முன், நம் வானிலையோடு இந்தச் செடிக்கு என்ன வழக்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. வெயில் காரணம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். தென் பிரான்சிலும் கோடையில் வெயில் கொளுத்தத்தான் செய்கிறது. வித்தியாசம் ராத்திரியில். அங்கே பொழுது சாய்ந்தால் காற்று குளிரும், காயும். இங்கே நள்ளிரவிலும் 25 டிகிரிக்குப் பக்கம், காற்றில் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். வருடத்துக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை. தென் பிரான்சின் மார்செய் நகரில் பெய்வது இதில் நான்கில் ஒரு பங்குதான். லாவெண்டர் இலை சாம்பல் பூத்தாற்போல் இருப்பது மெல்லிய ரோமங்களால். வறண்ட ஊரில் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது போர்த்திக்கொண்ட போர்வை அது. நம் ஊரில் அதே போர்வை ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்குப் படுக்கை போடுகிறது. தீவுக்கு வந்தவன் கம்பளிக் கோட்டோடு எம்ஆர்டி ரயில் ஏறினால் எப்படியோ, அப்படி.

இன்னொன்று, பகல் நீளம். ஹொக்கைடோவில் பனிக்குள் பல மாதம் உறங்கி, பிறகு நாள் நீள நீளச் செடி பூக்கத் தயாராகிறது. சிங்கப்பூரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. குளிரும் வராது, நாளும் நீளாது.

இப்போது முதல் வேட்பாளர். மெல்லிய குச்சி போன்ற இலை, விளிம்பு வழவழவென்று ஒரே கோடு, வெள்ளிச் சாம்பல் நிறம். இதுதான் இங்கிலீஷ் லாவெண்டர், தாவரப் பெயர் லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா. ஹிட்கோட், மன்ஸ்டெட் என்றெல்லாம் சீட்டில் பார்த்தால் இந்த இனம்தான். இரண்டுமே இங்கிலாந்துத் தோட்டங்களின் பெயர்கள். ஃபுரானோ வயல்களின் அடர்ந்த ஊதாவும் இந்த இனமே. நம் வீட்டில் பாட்டியின் அலமாரியைத் திறந்தால் வருமே, யார்ட்லி பவுடர் வாசனை, அந்த வாசனையும் இதுதான். மணத்தில் இதற்கு இணை இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டு பொருள்கள் இதில் மிகுதி, கற்பூர நெடி மிகக் குறைவு. தேநீரிலும் பிஸ்கட்டிலும் போடுவதற்கு மிகவும் உகந்ததும் இதுதான்.

ஆனால் இங்கே பிழைப்பது? என்னுடைய ஐந்தில் அதிக நாள் இருந்தது பதினோரு வாரம். மூன்றாவது செடியின் சாவை மட்டும் நான் கிட்டத்தில் பார்த்தேன். வாங்கும்போது ஆறு பூந்தண்டுகள். மூன்றாம் வாரம் பூ உதிர்ந்தது, அது இயல்பு. ஐந்தாம் வாரம் ஒரு பக்கத்துக் கிளை மட்டும் தலை சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று ஊற்றினேன். மறுநாள் அடுத்த கிளை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். வாரக் கடைசியில் செடியைப் பிடித்துத் தூக்கினால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்திருந்தது. விரலால் உருவினால் மேல்தோல் சட்டை மாதிரிக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அழுகல் வாடை. ஃபைட்டாஃப்தோரா என்ற நீர்ப்பூஞ்சை செய்யும் வேலை இப்படித்தான் இருக்கும். வேர் செத்ததால்தான் இலை வாடியது, நான் அதைத் தாகம் என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீரில் மூழ்கடித்தேன். லாவெண்டர் வளர்க்கும் புதியவர்களில் பாதிப்பேர் செய்யும் தவறு இது. வாடிய செடிக்குத் தண்ணீர் விடாமல் நிற்பதற்கு நம் கைக்குப் பழக்கமில்லை.

அதன்பின் மண்ணையெல்லாம் திருத்தி, ஒழுங்காக நீர்விட்டு வளர்த்த நான்காவதும் ஐந்தாவதும்கூட மெல்ல மெல்லத் தேய்ந்துதான் போயின. ஒரு பூவும் புதிதாக வரவில்லை. குளிரே இல்லாமல் அது பூக்கத் தயங்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே என் தீர்ப்பு: இங்கிலீஷ் லாவெண்டரை வாங்க ஆசைப்பட்டால் வாங்குங்கள், பூங்கொத்து வாங்குகிறோம் என்ற நினைப்போடு வாங்குங்கள். ஒரு ரோஜாக்கொத்து ஒரு வாரம் இருக்கும். இது ஐந்தாறு வாரம் இருக்கும். அந்தக் கணக்கில் மோசமில்லை.

"கேமரன் மலையில வளருதே!" என்று ஜோகூர்ச் சித்தப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். வளர்கிறதுதான். மலேசியாவின் அந்த மலை கடல்மட்டத்துக்கு மேல் 1,400, 1,500 மீட்டர், ராத்திரியில் ஸ்வெட்டர் தேடும் இடம். அங்கிருந்து பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடிக்கு ஒன்பதாம் மாடி ஈசூன் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. செத்த ஏழில் ஆறாவது அது.

லாவண்டினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலீஷ் லாவெண்டரும் அகல இலை லாவெண்டரும் சேர்ந்த கலப்பு. பெரிய புதர், நீண்ட தண்டு, மணத்தில் கொஞ்சம் கற்பூரம் ஏறும். குரோசோ என்பது இதில் பேர்போன ரகம், பிரான்சில் எண்ணெய்க்காக ஏராளமாகப் பயிரிடுகிறார்கள். ஈரத்தைத் தாய்வகையைவிடச் சற்றுத் தாங்கும் என்பார்கள், ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்துக்கு உடம்பு பெரிது, நம் வெக்கைக்கு மனசு சிறிது. ஒரே ஓர் எச்சரிக்கை: லாவண்டின் மலட்டுச் செடி, விதை கொடுக்காது, தண்டை நறுக்கி நட்டுத்தான் பெருக்க முடியும். ஆகவே இணையத்தில் யாராவது 'குரோசோ லாவெண்டர் விதை, 200 எண்ணிக்கை' என்று விற்றால் பொட்டலத்துக்குள் வேறேதோ இருக்கிறது என்று அர்த்தம்.

விதை என்றதும் நினைவுக்கு வருகிறது. லாவெண்டரை விதையிலிருந்து தொடங்குவது சிங்கப்பூரில் பொறுமைக்கான பரீட்சை. இங்கிலீஷ் விதையைக் குளிர்பதனப் பெட்டியில் ஈரத்துணியில் சில வாரம் வைக்க வேண்டும், முளைத்த பிறகும் நாற்று நம் ஈரக்காற்றில் கழுத்தழுகிச் சாயும். நான் ஒரு முறை முப்பது விதை போட்டேன். நாலு முளைத்தது. ஒன்றுகூட விரல் உயரம் தாண்டவில்லை. அவற்றை மேலே சொன்ன ஏழில் சேர்க்கவில்லை.

அடுத்து முயல்காது. பூக்கதிரின் உச்சியில் இரண்டு மூன்று ஊதா இதழ்கள் முயல் காதுபோல் நிமிர்ந்து நிற்கும். ஸ்டோயிகாஸ் என்ற இனம், பெயர்க்குழப்பத்தின் தலைவர் இவர்தான். கடையில் கொள்ளை அழகு. குழந்தைகள் கூட வந்தால் இதை விட்டு நகர மாட்டார்கள். மணம் கற்பூரமும் மருந்துக்கடையும் கலந்தது. இங்கிலீஷைவிட வெப்பத்தைத் தாங்கும், சற்றே அமில மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் தொடர்மழைக்காற்றில் நடுப்பகுதி பழுத்து உள்ளிருந்து அழுகும். என் ஏழாவது. நவம்பரில் வாங்கினேன், ஜனவரியில் முடிந்தது. பிப்ரவரியில் வாங்கியிருந்தால் ஒருவேளை இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பிழைத்தவர்கள் கதைக்கு வருவோம்.

தாம்சன் சாலைப் பக்கம் நர்சரி நர்சரியாக ஏறி இறங்கிய ஒரு சனிக்கிழமை. பூத்த செடிகளெல்லாம் முன்வரிசையில். பின்னால், ரோஸ்மேரித் தொட்டிகளோடு கலந்து, பூவில்லாத இரண்டு செடிகள். இலையை விரலில் எடுத்துப் பார்த்தால் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பல், தபால்தலையின் ஓரம் மாதிரி. நிறம் வெள்ளிச் சாம்பல் இல்லை, பச்சையே அதிகம். கசக்கி முகர்ந்தேன். முதலில் நீலகிரித் தைலம், அப்புறம் ரோஸ்மேரி, கடைசியில் எங்கோ அடியில் லாவெண்டர். கடைக்கார அங்கிள், "இது பூக்க நேரமாகும், அதை எடுத்துக்கோ" என்று முன்வரிசையைக் காட்டினார். நான் இதையே எடுத்தேன். விலையும் பூத்ததில் பாதி.

இது டென்டாட்டா. பல்லிலை லாவெண்டர் என்று வைத்துக்கொள்ளலாம், அந்த லத்தீன் பெயருக்கே 'பல்லுள்ளது' என்றுதான் பொருள். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா முதல் அரேபியத் தீபகற்பம்வரை இதன் ஊர். கடும் பனியில் இது செத்துவிடும், அதனால் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துவைப்பார்கள். அந்தப் பலவீனம்தான் நமக்கு வசதி: பூப்பதற்குக் குளிர் கேட்பதில்லை. என் இரண்டு செடிகளும் மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டன. பூ வருகிறதா என்றால், வருகிறது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலைந்து கதிர். வெளிறிய ஊதா, நுனியில் சின்னக் குஞ்சம். ஃபுரானோ படத்தின் பக்கத்தில் வைத்தால் வெட்கப்படும். ஆனால் காலையில் தண்ணீர் ஊற்றும்போது முழங்கை உரசினால் தாழ்வாரமே மணக்கும், பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) கதவைத் திறந்து "வாங்கி, வாங்கி" என்பார். அவர் மொழியில் அது 'மணக்கிறது' என்று பொருள். முதல் நாள் நான் அவர் ஒரு செடி கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

பல்லிலையில் குறை உண்டு. சமையலுக்கு ஆகாது, வாயில் தைலம் தடவியதுபோல இருக்கும். உலர்த்திப் பையில் கட்டி அலமாரியில் வைத்தால் பாட்டி வாசனை வராது, பூச்சி உருண்டைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒன்று வரும். வெட்டாமல் விட்டால் ஒல்லியாக நீண்டு அசிங்கமாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பச்சை இருக்கும் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு கத்தரிக்க வேண்டும். அடியில் மரமாகிப்போன பழுப்புத் தண்டில் கத்தி வைக்காதீர்கள், எந்த லாவெண்டரும் அங்கிருந்து சுலபத்தில் துளிர்க்காது.

இந்தப் பல்லிலையின் ரத்தம் கலந்த கலப்பினங்களும் சில வருகின்றன. 'குட்வின் கிரீக் கிரே' என்று சீட்டு கண்டால் கையில் எடுங்கள். ஒரே செடியில் சில இலை பல்லோடும் சில இலை வழவழப்பாகவும் இருக்கும், வெப்பத்துக்குப் பேர்போன ரகம். நான் ஒரே ஒரு தடவைதான் இங்கே பார்த்தேன். யோசித்துக்கொண்டே காப்பி குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பிழைக்கும் வகை, பெரணியிலை. மல்டிஃபிடா, பின்னாட்டா என்று இரண்டு நெருங்கிய இனங்களை ஒன்றுக்கொன்று மாற்றியே விற்கிறார்கள், வளர்ப்புக்கு வித்தியாசம் பெரிதில்லை. இலை துலுக்கச் சாமந்தி இலைபோலப் பிரிந்து பிரிந்து இருக்கும். பூக்கதிர் மூன்று கவர் சூலம் மாதிரி, நல்ல ஊதா, பல்லிலையைவிடத் தாராளமாகப் பூக்கும். பூதான் வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு இதுவே. செடியின் ஆயுள் கொஞ்சம், ஒன்றிரண்டு வருடத்தில் புதிது வைக்க வேண்டியிருக்கும். ஆனால் மணம்! என் தோழி ஒருத்தி செம்பவாங்கில் இதை வளர்க்கிறாள். இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாள். ஓமவாட்டர். அப்பட்டமான ஓமவாட்டர். காரணம், மல்டிஃபிடாவில் கார்வக்ரால் என்ற பொருள் மிகுதி, நம் கற்பூரவல்லியிலும் அதே பொருள்தான். லாவெண்டர் மணத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிக் கற்பூரவல்லியை முகர்வதா என்று அவள் வருத்தப்பட்டாள். எனக்கென்னவோ பிடித்திருந்தது.

சொல்லப்போனால், நம் தக்காணத்திலேயே பைபின்னாட்டா என்று ஒரு காட்டு லாவெண்டர் உண்டு, இந்தப் பிரிந்த இலைக் கூட்டத்துக்கு உறவு. இங்கே எந்தக் கடையிலும் நான் அதைக் கண்டதில்லை.

மணம் என்று பேசும்போது லவெண்டர் ஸ்திரீட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. எம்ஆர்டி நிலையத்தைப் பார்த்து, அந்தக் காலத்தில் அங்கே பூந்தோட்டம் இருந்திருக்கும் என்று நினைத்தவள் நான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இருந்தவை சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். உரம் மனிதக் கழிவு. நாற்றம் தாங்காமல் யாரோ குறும்பாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஆக இந்தத் தீவில் வாடாமல் நீடித்த ஒரே லாவெண்டர் அந்தச் சாலைதான் என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வகை முடிவானாலும் இடம் சரியில்லை என்றால் பல்லிலையும் போய்விடும். நம் அட்சரேகையில் சூரியன் வருடத்தில் பாதி நாள் வடக்கே, பாதி நாள் தெற்கே. வடக்குப் பார்த்த பால்கனிக்கு மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை வெயில் எட்டும், பிறகு தெற்குப் பார்த்த வீட்டுக்காரர் முறை. கிழக்குக்கு வருடம் முழுக்கக் காலை வெயில். லாவெண்டருக்கு ஆறு மணிநேரம் வேண்டும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். என் தாழ்வாரத்தில் நாலு, நாலரை மணிநேரம்தான், பல்லிலை சமாளிக்கிறது. மேற்கு வெயிலும் பரவாயில்லை, ஆனால் சிமெண்டுச் சுவர் சூடேறி ராத்திரி பத்து மணிவரை செடியை வாட்டும், தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயிலைவிடக் காற்றோட்டம் முக்கியம். பத்துத் தொட்டிகளை நெருக்கி அடுக்கி நடுவில் லாவெண்டரை வைத்தால், அதற்கு மூச்சு முட்டும்.

மழை அடுத்தது. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் ஈர மாதங்கள். டிசம்பரில் மட்டும் சராசரி 300 மில்லிமீட்டரைத் தாண்டும். பிப்ரவரி சராசரியில் ஆகக் குறைவு, நூறு சொச்சம். பிப்ரவரியில் வாங்கினால் செடி வேர் பிடிக்க உலர்ந்த சில வாரம் கிடைக்கிறது. சீனப் புத்தாண்டு நெருக்கடி ஓய்ந்த பிறகு போனால் நர்சரிக்காரரும் நின்று பேசுவார்.

மண் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. கடையில் வரும் செடி கரிய பீட் மண்ணில், அரைக்கிண்ணம் பால் கோவா மாதிரி இறுகி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதில் பாதியையாவது மெதுவாக உதிர்த்துவிட்டு மாற்றுகிறேன். என் கலவை: ஒரு பங்கு சாதாரணத் தொட்டி மண், ஒரு பங்கு பெர்லைட் என்ற இலேசான வெள்ளைப் பொரிகல், ஒரு பங்கு பட்டாணி அளவு பியூமிஸ் கல். கூடவே பொடித்த முட்டை ஓடு ஒரு பிடி, அது கரைய நாளாகும் என்றாலும் மண் புளிக்காமல் இருக்கட்டும் என்று. தேங்காய்நார்த் தூள் மட்டும் போட்டு நட வேண்டாம், அது தண்ணீரை விடாது. தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும், பக்கவாட்டிலும் ஈரம் ஆறும். அளவு சிறிதே போதும். பெரிய தொட்டி வைத்தால் சீக்கிரம் வளரும் என்று நினைப்பது தப்பு, வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். முதல் நாள் நன்றாக நனைத்துவிட்டுத் தூக்கிக் கனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியாக இலேசானால் ஊற்றலாம். காலையில் மட்டும், மண்ணில் மட்டும், இலையில் வேண்டாம். உரம் கைவசம் இருந்தாலும் கொடுக்காதீர்கள், பணக்கார மண்ணில் இது கொழகொழவென்று வளர்ந்து சாயும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் நல்லது, கொசுவுக்கும் இடமில்லை. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்தால் முதலில் பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான். இறுகிய மண்ணின் மேல் தேங்கும் தண்ணீரும் அவர்கள் பட்டியலில் உண்டு, கிளறிவிடச் சொல்கிறார்கள். லாவெண்டர் இருந்தால் கொசு வராது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயைப் பிழிந்து பூசினால் ஏதோ கொஞ்சம், சும்மா நிற்கும் செடியைக் கொசு கண்டுகொள்வதே இல்லை. என் பல்லிலையின் மேலேயே உட்கார்ந்து ஓய்வெடுத்த கொசுவை நான் பார்த்திருக்கிறேன்.

தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழிவிட வேண்டும், தீ விபத்தில் ஆட்கள் ஓட வேண்டிய பாதை. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி கூடவே கூடாது, கீழே நடப்பவர் தலை முக்கியம். பூனை இருக்கும் வீட்டில் செடியை எட்டாத உயரத்தில் வையுங்கள், கடித்துத் தின்றால் வயிற்றைக் கெடுக்கும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்த பிறகு இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள்.

இவ்வளவு வம்பு வேண்டாம், ஊதாவாக ஏதாவது பூத்தால் போதும் என்பவர்களுக்கு ஆஞ்சலோனியா இருக்கிறது. நிமிர்ந்த கதிர், மாதக்கணக்கில் பூக்கும், நம் வெயிலுக்குச் சிரித்துக்கொண்டே நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கும் விருந்தாளிகள் லாவெண்டர் என்றே நம்புவார்கள், நீங்களும் மறுக்க வேண்டாம். நீல சால்வியாவும் அப்படியே. மணம்தான் முக்கியம் என்பவர்கள் திருநீற்றுப்பச்சிலையை ஒரு தரம் புதுமூக்கோடு முகர்ந்து பாருங்கள். லாவெண்டரின் அந்த இனிப்பான லினலூல் அதிலும் இருக்கிறது. தேக்கா சந்தையில் ஒரு கட்டு வாங்கித் தண்ணீரில் வைத்தாலே சில தண்டுகள் வேர்விடும்.

பிப்ரவரியில் தங்கையும் நானும் தாம்சன் சாலைக்குப் போனோம். இத்தனை சொல்லியும் அவள் நேராக நடந்தது முன்வரிசை ஹிட்கோட்டிடம். நான் தடுக்கவில்லை. "பூங்கொத்துன்னு நெனச்சுக்கறேன் அக்கா" என்று அவளே சொல்லிவிட்டாள். ஏழு வாரம் வந்தது, என் சாதனையில் பாதிக்கு மேல். பூவை அவள் காயவைத்து மகனின் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள்.

அவள் பால்கனி வடக்குப் பார்த்தது. இப்போது வெயில் எட்டும் மாதங்கள். என் பல்லிலையில் பூக்காத தண்டுகளாகப் பார்த்து ஐந்தை நறுக்கி, அடியிலைகளை உருவி, பெர்லைட்டில் செருகி வைத்திருந்தேன். மூன்று வேர்விட்டுவிட்டன, இலேசாக இழுத்தால் பிடித்துக்கொள்கின்றன. இந்த ஞாயிறு இரண்டு பொங்கோலுக்குப் போகும். செப்டம்பர் முடிந்ததும் வெயில் தெற்கே திரும்பிவிடும், அப்போது தொட்டிகளை ஈசூனுக்கே கொண்டுவருவதாகப் பேச்சு. மார்ச்சில் மறுபடி அங்கே. யார் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.